பிரதி, நகல், களவு: பாரதி பாட்டுரிமையிலிருந்து இணைய முடக்கம் வரை

காதர்பேட்டையில் ஒரு கடை. திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதும், தேறாது என்று கழித்துப்போட்டதும் மூட்டைமூட்டையாக வந்து விழுகிற இடம். பையன் ஒருவன் சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு டி-சர்ட்டுகளின் கழுத்திலிருக்கும் லேபிளை வெட்டிக்கொண்டிருந்தான். சிலதில் முழுசாக எடுத்துவிடுகிறான், சிலதில் குறுக்கே ஒரு வெட்டு மட்டும். "லேபிளோட வித்தா கேஸுங்கண்ணா. வெட்டீட்டா வெறும் பனியன்" என்றார் கடைக்காரர். அதே துணி, அதே தையல், அதே ஓவர்லாக். ஒரு அங்குல நாடாவில்தான் சொத்து இருக்கிறது.

கடையின் இன்னொரு பக்கம் முண்டாசும் மீசையுமாகப் பாரதி முகம் அச்சடித்த டி-சர்ட்டுகள் தொங்கின. இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டியிருக்குமா என்று சும்மா கேட்டுவைத்தேன். "பாரதியாருக்கு ஆருங்க கேக்கறது?" என்றார்.

ஒரு காலத்தில் கேட்டார்கள். முகத்துக்கு இல்லை, பாட்டுக்கு. அந்தக் கேள்வியை முடித்துவைத்த கல்வி அமைச்சர் இதே திருப்பூரில் 1903-ல் பிறந்தவர் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் பெயரில் கோவையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் தொடங்கிய வித்யாலயம் இருக்கிறது. கலைக்களஞ்சியம் உருவானதிலும் அவர் பங்கு பேசப்படும். 1949 மார்ச்சில் பாரதியின் பதிப்புரிமையை அரசு எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்ததை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்க வேண்டும். 1921-ல் பாரதி இறந்தபோது அவர் எழுதியதில் பெரும்பகுதி புத்தகமாகவில்லை. செல்லம்மாள் தானே பதிப்பித்துப் பார்த்தார், தொடர முடியவில்லை. 1930களின் தொடக்கத்தில் 4,000 ரூபாய்க்கு உரிமை கைமாறியது. பிறகு பாரதியின் தம்பி (மாற்றாந்தாய் மகன்) சி. விசுவநாதன் நடத்திய பாரதி பிரசுராலயத்திடம் எல்லாம் சேர்ந்தது. இதுவரை அச்சு விவகாரம். அப்போதுதான் இசைத்தட்டு வந்து தமிழ்நாட்டை ஆட்டிவைத்தது. பாட்டைத் தட்டில் பதிகிற உரிமை தனியாகப் பிரிந்து, சென்னையிலிருந்த சூரஜ்மல் நிறுவனத்தாரிடம் அற்ப விலைக்குப் போனது. அதைப் பல மடங்கு விலை கொடுத்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947-ல் 'நாம் இருவர்' வந்தது, டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பட்டிதொட்டியெல்லாம் போனார். செட்டியார் பாரதியைப் பரப்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அச்சில் சில ஆயிரம் பேரை எட்டிய கவிஞன் ஒலியில் லட்சக்கணக்கானவர்களை எட்டினான். ஆனால் எந்த வாயில் எட்டுவது என்பதை ஒரு கம்பெனி முடிவுசெய்கிற நிலை வந்துவிட்டது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் கண்ணன் பாட்டு ஒன்று வந்தது. செட்டியார் தரப்பிலிருந்து நோட்டீஸ். டி.கே. சண்முகம் பணிந்துபோயிருக்கலாம், பணம் கட்டியிருக்கலாம், பாட்டை வெட்டியெறிந்திருக்கலாம். நாடகக்காரர் அவர், மேடையில் வளர்ந்தவர், விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். பாரதி பாட்டு தமிழ் மக்களின் சொத்து, அதைப் பாட யார் அனுமதியும் வேண்டாம் என்றார். நாரண துரைக்கண்ணனும் பரலி சு. நெல்லையப்பரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாளைப் பார்த்தார்கள். பத்திரிகைகள் எழுதின, கூட்டங்கள் நடந்தன. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவை இறங்கிவந்தது. செட்டியார் காசு வாங்காமலேயே தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய், செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாய். பிறகு சில வருஷங்களில் அரசு தன் கையிலிருந்ததையும் விட்டுவிட்டது. யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றை ஆவணங்களோடு ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார் ('பாரதி: கவிஞனும் காப்புரிமையும்'). வாசிக்காதவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

இதன் பக்கத்தில் தாகூரை வைத்துப் பாருங்கள். 1941-ல் இறந்தவர். அன்றைய சட்டப்படி 50 வருஷம் கழித்து, 1991 முடிவில் அவர் எழுத்து எல்லோருக்கும் ஆகியிருக்க வேண்டும். விசுவபாரதியிடமிருந்த உரிமை போய்விடும் என்று வங்காளத்தில் பதற்றம் கிளம்ப, நாடு முழுவதற்கும் சட்டத்தையே திருத்தி 60 வருஷமாக்கினார்கள். 2001 முடிகிறவரை தாகூர் பூட்டப்பட்டிருந்தார். பாரதிக்கு ஒரு கூட்டம் பூட்டை உடைத்தது, தாகூருக்கு இன்னொரு பூட்டு போடப்பட்டது. இரண்டுமே கவிஞன் மேலுள்ள பக்தியின் பெயரால்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1949-ல் உரிமையை வாங்கிய இதே மதராஸ் அரசாங்கம்தான், வெள்ளைக்காரன் காலத்தில், 1928-ல் பாரதி பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. ஃபூக்கோ 1969-ல் ஆசிரியன் பற்றி ஆற்றிய உரையில் ஒரு விஷயம் சொல்கிறார்: எழுத்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் தேவைப்பட்டதே அவனைத் தண்டிப்பதற்குத்தான், சொத்து என்ற பேச்சு அதற்கப்புறம் வந்தது. தொண்ணூறுகளில் இதையெல்லாம் நாம் வரிந்துகட்டிக்கொண்டு விவாதித்தோம். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று அறிவித்து இதழ்கள் போட்டோம். ஆசிரியன் செத்தாலும் உரிமையாளன் 60 வருஷம் உயிரோடிருப்பான் என்பது மட்டும் அப்போது நம் கண்ணில் படவேயில்லை.

அந்த விவாதங்களில் புழங்கிய சொல் 'பிரதி'. கோட்பாட்டு எழுத்தில் இதைப் படைப்பு என்ற சொல்லுக்கு மாற்றாகக் கொண்டுவந்தோம். ஆனால் தமிழில் பிரதி என்றால் நகல் என்றும்தானே பொருள்? ஏட்டுப் பிரதி, கையெழுத்துப் பிரதி, ஆயிரம் பிரதிகள் அச்சிட்டோம். மூலம் என்று ஒன்றைத் தனியாகப் பூட்டிவைக்க அந்தச் சொல் இடம் தருவதில்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்த் தேடியது நகல்களைத்தான். எவனோ ஒருவன் எண்ணெய் விளக்கில் உட்கார்ந்து பார்த்தெழுதாமல் இருந்திருந்தால் சங்கப் பாட்டு என்று ஒன்று நமக்கு இல்லை. நம் சிறுபத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளலாம். போர்ஹேஸ், மார்க்கேஸ், ஃபூக்கோ, பார்த் என்று போட்ட மொழிபெயர்ப்புகளில் அனுமதிக் கடிதம் வாங்கியவை எத்தனை? கணக்கெடுத்தால் நமக்குத்தான் வெட்கம். வெட்கப்பட வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இப்போது 2011 நவம்பருக்கு வருகிறேன். தனுஷ் பாடிய 'கொலவெறி' பாட்டு யூட்யூபில் வெளியானது. '3' படம் வருவதற்குப் பல மாதம் முன்பு. அதை உலகப் பாட்டாக்கியது விளம்பரச் செலவு இல்லை. குழந்தை பாடியது, கல்லூரிப் பெண்கள் பாடியது, கிண்டல் செய்து பாடியது என ஆயிரக்கணக்கான நகல்களும் நகல்களின் நகல்களும்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அந்தச் சமயம் நைட் ஷிப்டு பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், எத்தனை செல்போனில் அது ஓடியதென்று. காசு கொடுத்து வாங்கியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

படம் 2012-ல் வெளியாகும்போது தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெயர் தெரியாத களவாளிகளுக்கு எதிரான தடையாணை வாங்கினார்கள். மேல்நாட்டில் இதற்கு ஜான் டோ என்று பெயர். நம் நீதிமன்றங்களில் அசோக் குமார். (இந்தப் பெயருள்ளவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் தெரியாத எதிரிக்குச் சட்டம் வைத்த பொதுப்பெயர் அது.) அசோக் குமார் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் தெருவையே அடைத்தன. மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே என்று முழுத் தளங்கள் இருண்டன. நீதிமன்ற ஆணைப்படி முடக்கப்பட்டது என்று திரையில் ஒற்றை வரி. ஆவணப்படக்காரர்கள் தங்கள் படங்களை வைத்திருந்த விமியோவுக்கும் '3' படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை.

அந்த ஆண்டு உலகெங்கும் இந்தச் சண்டைதான். அமெரிக்காவில் சோபா என்ற சட்ட முன்வரைவை எதிர்த்து ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுக்க இருண்டது. முன்வரைவு கிடப்பில் போடப்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஜூலையில் ஆக்டா ஒப்பந்தத்தைத் தோற்கடித்தது. இங்கே ஜூன் 9 அன்று மும்பை, தில்லி, பெங்களூர் என்று நகரங்களில் இளைஞர்கள் கை ஃபாக்ஸ் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அந்த முகமூடியின் உருவத்துக்கு உரிமைக் கட்டணம் வாங்கியது வார்னர் சினிமாக் கம்பெனி என்பது அப்போதே சிரிப்பாய்ச் சிரித்த செய்தி. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. சென்னை நீதிமன்ற ஆணையை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர் கையிலும் 1948 இல்லை. சொந்த ஊரிலேயே ஜெயித்த போராட்டம் ஒன்று இருக்க, லண்டனில் வெடிமருந்து வைத்துப் பிடிபட்டவன் முகத்தைக் கடன் வாங்கினோம். பாரதி முகம் காதர்பேட்டையில் எழுபது ரூபாய்க்குத் தொங்குகிறது, கட்டணமும் இல்லை.

ஜூன் 22-ல் நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தியது: தளம் முழுவதையும் முடக்கக் கூடாது, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான். வெற்றி என்று நினைத்துக் கலைந்தார்கள். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையின் பட்டியலில் 2,650 தளங்கள், அதில் ஆர்க்கைவ் டாட் ஆர்க் முழுசாக. இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூறு வருஷத்துப் பழைய தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் நாம் முதலில் போய்த் தட்டும் கதவு. அவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லப்படவும் இல்லை. 2018-ல் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்கள். அதற்கு முகமூடிகூட வரவில்லை.

ஏன் வரவில்லை? சினிமாக் களவு என்றதும் நமக்கே கொஞ்சம் கூச்சம் வந்துவிடுகிறது. படம் எடுத்தவன் நஷ்டப்பட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. சட்டம் முழுக்க எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. அதே 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம்தான் பாட்டெழுதுகிறவனுக்கும் இசையமைக்கிறவனுக்கும் ராயல்டியில் எழுதிக்கொடுத்தாலும் போகாத ஒரு பங்கைத் தந்தது. 2009-ல் அரசு நாட்டுடைமைப் பட்டியல் ஒன்றை அறிவித்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தார் வேண்டாமென்று சொன்னார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது, இருக்க வேண்டும். 1949-லும் செல்லம்மாளைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது எழுதியவனின் கூலியையும், பரப்பும் கருவியை வைத்திருப்பவனின் வேலியையும். தடையாணைகள் ஒவ்வொன்றிலும் வாய் கூலியைப் பேசுகிறது, கை வேலியைப் போடுகிறது. விமியோ மூடப்பட்டதால் எந்தப் பாடலாசிரியன் வீட்டில் அடுப்பெரிந்தது?

2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருட்டு சினிமாவுக்கு மூன்று வருஷம்வரை சிறை, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்வரை அபராதம். அந்த நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் அதிகாரிகள் 12 பேரை நியமித்தன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் இணையத்திலிருந்து நீக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம். முன்பு நீதிமன்றமாவது நடுவில் இருந்தது; அசோக் குமார் சார்பில் ஒரு வக்கீல் என்றைக்காவது எழுந்து நிற்கலாம் என்றிருந்தது.

காதர்பேட்டைக்கே திரும்பிவிடுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வேடிக்கையானது. துணியில் போடுவதற்கென்று வரைந்த டிசைனைப் பதிவுசெய்யாமல் விட்டால், 50 நகலுக்கு மேல் போட்டதும் பதிப்புரிமை போய்விடும். இங்கே ஸ்கிரீன் பிரிண்ட் பட்டறையில் 50 பீஸ் என்பது டீ வருவதற்குள் முடிகிற வேலை. டிசைன் போடுகிற பையனின் உரிமைக்கு ஆயுள் 50 பனியன், கவிஞனின் வாரிசுக்கு 60 வருஷம்.

அந்தக் கடைகளுக்கு மேலே மாடியில் நண்பர் ஒருவர் கணக்கு எழுதுகிறார். பில் போடாத நேரத்தில், நின்றுபோன சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்கிறார். தொண்ணூறுகளின் இதழ் ஒன்றில் மட்டும் பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். நாலு பேர் இல்லை. இரண்டு பேர் புனைபெயர், யாரென்றே தெரியவில்லை. சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று தேடினோம். 31ஏ பிரிவு. ஆசிரியர் இறந்தோ அடையாளம் தெரியாமலோ இருந்தால் உரிமம் கேட்கலாம். அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். செத்துப்போன தமிழ்க் கவிஞனின் இரண்டு பக்கக் கவிதைக்கு ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம். அதன் செலவு இந்த இதழின் அச்சுக்கூலியைத் தாண்டும்.

நண்பர் பதினொரு இதழ்களை முடித்துவிட்டார். "ஏத்தீரலாங்களா?" என்று போன வாரம் போன் செய்தார். உயிரோடிருக்கும் பத்துப் பேரில் முகவரி கிடைத்த ஏழு பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறோம். மூன்று பதில் வந்திருக்கிறது, மூன்றிலும் சரி என்றுதான்.