ஏறாமல் நின்ற கூலி

எங்கள் நைனா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் சதை சீவியவர். சாய்த்துப் போட்ட மரக்கட்டையில் சுண்ணாம்பில் ஊறிய தோலை விரித்து, இருபக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழே தள்ளவேண்டும். ஒரு தோலுக்கு இவ்வளவு என்று ரேட்டு. விரல் நுனியைச் சுண்ணாம்பு தின்றுவிட்டதால் ரசம் சோறு பிசைந்தால் எரியும். வீட்டில் கரண்டியால் சாப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். நான் தோலைப் பதனிடும் டிரம்முக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது டிரம்மடியில் நிற்பவர்கள் பீகார், மேற்கு வங்கப் பையன்கள். "வடக்கத்தியான் வந்துதான்பா நம்ம கூலி போச்சு" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அதில் பாதி சரி.

கூலி அதற்கு முன்னால் ஒன்றும் வாழவில்லை. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் வந்த வைட்லி கமிஷன் அறிக்கை, பீடி, அரக்கு, மைக்காவோடு டேனரியையும் சட்டத்தின் கை எட்டாத பட்டறைகளில் சேர்த்தது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே டேனரிக்கு இடம் கிடைத்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும்? சட்டம் வந்த பிறகும் ரேட்டு, காண்ட்ராக்ட் என்ற இரண்டு சந்துகளில் கூலி நழுவிக்கொண்டுதான் இருந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைத்தோலைக் கப்பலேற்றிய காலம் 1970-களில் மாறத் தொடங்கியது. அரசு அமைத்த சீதாராமையா குழு சொன்னபடி, முழுதாக முடித்த தோலும் செருப்பும்தான் வெளியே போகவேண்டும் என்று டெல்லி நெருக்கியது. குரோம் டிரம்கள் பெருகின. ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் எழுந்தன. கம்பெனி வண்டி கிராமத்துக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். படித்த பையன்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று போனார்கள். டேனரி நாற்றமும் அதோடு ஒட்டிய சாதிப் பேச்சும் வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஈர வேலையை நாம் விட்ட பிறகுதான் ரயில் வடக்கிலிருந்து ஆளை இறக்கியது.

டீக்கடைப் பேச்சில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் காண்ட்ராக்டர் அட்வான்ஸோடு வீட்டு வாசலுக்கு வருவார். ரேட்டைக் கூட்டிக் கேட்டால் முனகிக்கொண்டாவது தருவார். வெளியூர் ஆள் வந்த பிறகு அந்த வருகை நின்றது. யார் கூலியையும் யாரும் குறைக்கவில்லை. ஏறவேண்டிய கூலி ஏறவில்லை, அவ்வளவுதான். அடிபட்டது வேறெங்கும் போக வயசில்லாத சுண்ணாம்புக் குழி ஆட்கள்.

வெளியாள் வந்தால் கூலி குறையுமா என்ற இந்த வாதம் வெளிநாட்டிலும் உண்டு. 1980-இல் கியூபாவிலிருந்து ஏறக்குறைய 1,25,000 பேர் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். அவர்களில் பலர் தங்கிய மயாமியில் கூலி குறையவில்லை என்று எழுதிய பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு 2021-இல் நோபல் பெற்றார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களை மட்டும் எடுத்துப் பார், குறைந்திருக்கிறது என்றார் இன்னொரு பொருளாதார அறிஞர் போர்ஹாஸ். எங்கள் ஊரில் இரண்டும் நடந்தது: தோல் தடையில்லாமல் வந்ததால் தையல் மெஷினில் இருக்கும் பெண்ணுக்கு வேலை நிலைத்தது, குழியருகே இருந்தவனுக்குப் பேரம் போனது.

1966-இல் பம்பாயில் பிறந்த சிவசேனா தமிழர்களைப் பார்த்துச் சொன்னதும் இப்போது டீக்கடையில் கேட்கிற இதே குற்றச்சாட்டுதான். தாராவியில் தோல் பதனிட்டவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

வடக்கத்தியான் மலிவாக வருவதற்குக் காரணம் அவன் படுக்கும் இடம். டேனரிக்குள்ளேயே தூங்குகிறவனை எந்த நேரத்திலும் எழுப்பலாம். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் வளாகப் பகுதியில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேரைச் சேறு மூடியது. அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரனுக்குக் குறையாத கூலி தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டாயிற்று. ரேட்டு உயர்வு கேட்டு நாங்கள் மனு எழுதியபோது, டிரம்மடியில் இருந்த ஒரு பையனிடம் கையெழுத்துக் கேட்டேன். "அட்வான்ஸ் இன்னும் கழியல, அண்ணா" என்றான். காண்ட்ராக்டரின் கணக்கு நோட்டைத் தாண்டி எங்கள் மனு அவனிடம் போகவில்லை.