கடைசித் தவணை வரை வாடகைக்காரர்தான்

பி.காம். படிக்கிறவர்களுக்கு 'வாடகைக் கொள்முதல்' என்றாலே வட்டி பிரிக்கும் கணக்குதான் ஞாபகம் வரும். அதன் வரலாறு கணக்கை விட சுவாரஸ்யம்.

1895-ல் இங்கிலாந்தில் ஒரு பியானோ வழக்கு. தவணை முடியும் முன்பே பியானோவை அடகு வைத்துவிட்டார் ஒருவர். பொருள் இன்னும் கடைக்காரருடையதுதான் என்றது பிரபுக்கள் சபை. நியாயம்தானே? ஆனால் 1930-களில் சில வியாபாரிகள் இதையே தொழிலாக்கிக் கொண்டார்கள். முக்கால்வாசிப் பணம் கட்டிய ஏழைக் குடும்பம் ஒரு தவணை தவறினால் போதும், ஆள் வந்து மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கட்டிய பணமும் போச்சு. அதே மேசை மறுபடி விற்பனைக்கு!

ஜாரோ தொகுதி எம்.பி. எல்லன் வில்கின்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1938-ல் சட்டமானது. மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், கோர்ட் உத்தரவில்லாமல் பொருளைப் பிடுங்க முடியாது. ரொக்க விலையையும் எழுத்தில் காட்ட வேண்டும்.

நம் நாட்டில்? இதே மாதிரி பாதுகாப்போடு 1972-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆனால் அமலுக்கே வராமல் 2005-ல் ரத்தானது. 33 வருஷம் சும்மா காகிதத்தில்! கடனுக்காக வண்டியைப் பிடுங்க அடியாட்களை அனுப்பக் கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.