வாரச் சாப்பாடும் வாங்காத சம்பளமும்

பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் பக்கம் போகும் அன்பர்கள் ஸ்ரீ ஜயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கைப் பார்த்திருப்பார்கள். (அங்கு வந்து சேரும் சேஷாத்ரி ரோடுக்குப் பெயர் தந்த திவான் சேஷாத்ரி ஐயர் நம் பாலக்காட்டுக்காரர் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.) இந்தக் கல்வி நிலையம் பிறந்த விதம் பலருக்குத் தெரியாது.

கல்விக் கடன், உபகாரச் சம்பளம் எல்லாம் பரவலாக வருவதற்கு முன் மைசூர் ராஜ்யத்தில் ‘வாரான்ன’ என்றொரு வழக்கம் இருந்தது. நம் பக்கத்து வாரச் சாப்பாடுதான். கிராமத்திலிருந்து படிக்க வந்த ஏழைப் பையனுக்குத் திங்கள் ஒரு கிரஹத்தில், செவ்வாய் இன்னொரு கிரஹத்தில் என்று ஏழு வீட்டில் இலை போடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் செலவு. பையனுக்கோ வருஷம் முழுதும் சாப்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த வீட்டில் எந்த முகத்தைப் பார்க்க நேருமோ என்ற கூச்சத்தோடு வாசற்படி ஏறியவர்களும் உண்டு. தெரிந்த ஜாதிக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்ட உதவி அது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சிறு வயதிலேயே தந்தையை இழந்த எம். விஸ்வேஸ்வரய்யா, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தபோது ஒரு குடகு குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அதில் காலம் தள்ளினார். 1881-ல் பி.ஏ. முடித்தார். அதன்பின் மைசூர் அரசின் உதவி கிடைத்ததால்தான் பூனா சென்று இன்ஜினியரிங் படிக்க முடிந்தது.

அவர் திவானாக இருந்தது 1912 முதல் 1918 வரை. பிறகு 1923-ல் நஷ்டத்தில் தத்தளித்த பத்ராவதி இரும்பாலையின் பொறுப்பை ஏற்றார். அதற்காக அவருக்குச் சேர வேண்டிய சம்பளம் லட்ச ரூபாய்க்கும் மேல். அதைக் கையால் தொடாமல், பையன்கள் தொழில் கற்க ஒரு நிலையம் தொடங்கச் சொல்லிவிட்டார். 1943-ல் ‘ஆக்குபேஷனல் இன்ஸ்டிட்யூட்’ என்ற பெயரில் அது உருவாயிற்று. தம் பெயரை வைக்க வேண்டாம், அரச குடும்பத்தின் பெயரே இருக்கட்டும் என்றாராம்.

பி.ஏ. படிக்க வைக்க அந்தக் காலத்திலும் புரவலர்கள் கிடைத்தார்கள். டிப்ளமா படிக்கும் பையனை யார் நினைத்தார்கள்? அங்கே ஒளிப்பதிவு கற்று 1946-ல் தேறியவர் மைசூர்க்காரரான வி.கே. மூர்த்தி. குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ (1959) படத்துக்குக் காமிரா பிடித்தவர் அவரே. 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்குக் கிடைத்தது.

அடியேன் பார்த்த சில சங்க உதவித்தொகைப் படிவங்களில் ‘பட்டப்படிப்பு’ என்ற கட்டம் மட்டுமே உள்ளது. சமையல் வேலை செய்யும் ஒருவரின் மகனோ, கோயில் அர்ச்சகரின் மகளோ பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் அதில் எழுத இடமில்லை. அரசு இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘பிரகதி’ திட்டம், டிப்ளமா படிக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு ரூ. 50,000 என்று வகுக்கப்பட்டது. பையன்களுக்கு அதில் இடமில்லை. அடுத்த ஆண்டுப் படிவம் அச்சாவதற்குள் நம் கிளைகள் ‘டிப்ளமா’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அதற்குப் பொதுக்குழு கூட்ட வேண்டியதில்லை.