கொத்தமல்லி முதல் கற்பூரவல்லி வரை.. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, புதுசா சமைப்பது எப்படி? முழு விவரம்!

"அண்ணே, கொஞ்சம் கொத்தமல்லி, கறிவேப்பிலை சேர்த்துப் போடுங்க.." காய்கறிக் கடையில் தினமும் கேட்கும் குரல் இது. மழை பெய்து கொத்தமல்லி விலை ஏறிவிட்டால் அந்தக் கொசுறு முதலில் நின்றுபோகும். காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கினாலும், பாதி சமையலுக்குப் போகும். மீதி பிரிட்ஜில் அழுகி குப்பைக்குப் போகும்.

இதனால்தான் 'நாமே வளர்த்துவிடலாமே' என்று நர்சரியில் நாலு செடி வாங்கி வந்து பால்கனியில் வைக்கிறார்கள் பலர். ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் செடி காய்ந்துவிடும், இல்லையென்றால் ஒல்லியாக நீண்டு பூத்து முடிந்துவிடும். "நம்ம கைக்கு ராசியில்லை" என்று தொட்டியைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள்.

உண்மையில் கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரும் வெயிலும் சரியாக இருந்தும் செடி வீணாகிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: செடியை யாரும் வெட்டிச் சமைக்கவில்லை!

வெட்டினால்தான் வளருமா? அதெப்படி?

செடியின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது. இது பக்கவாட்டு மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கும். அதனால் செடி மேல்நோக்கி மட்டுமே நீளும். நுனியைக் கிள்ளிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு நீங்கி, கீழே உள்ள கணுக்களில் இருந்து பக்கக் கிளைகள் துளிர்க்கும். ஒரு தண்டு இரண்டாகும், இரண்டு நாலாகும்.

புதினா, கற்பூரவல்லி, துளசி, திருநீற்றுப்பச்சிலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஒரே நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

ஆக, வாரம் இரண்டு முறை சமையலுக்குப் பறிப்பதே செடிக்குச் செய்யும் பராமரிப்பு. அந்தச் செடியை வைத்துச் சமைக்க ஒரு உணவுதான் தெரியும் என்றால், பறிப்பது குறையும், செடியும் வீணாகும். புது ரெசிபி கற்றுக்கொள்வதும் செடி வளர்ப்பதும் ஒன்றையொன்று தாங்கும் வேலைகள்.

முதலில் எதை வளர்க்கலாம்?

வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பயன்படும் இலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற ஐந்து இதோ:

1. புதினா: விதை தேவையில்லை. கடையில் வாங்கிய கட்டில் தடிமனான நாலைந்து தண்டுகளை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளை நீக்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். புதினா பக்கவாட்டில் ஓடிப் படரும் செடி என்பதால், வேறு செடியோடு சேர்த்து நட்டால் மொத்தத் தொட்டியையும் பிடித்துக்கொள்ளும். அகலமான தனித் தொட்டிதான் சரி. உச்சி வெயில் படாத இடம் போதும்.

2. கற்பூரவல்லி: ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினாலே பிழைத்துக்கொள்ளும். தடித்த இலைகளில் நீர் சேமித்து வைத்திருக்கும் செடி இது. எனவே தண்ணீரை அதிகம் ஊற்றுவதுதான் இதற்கு ஆபத்து.

3. கொத்தமல்லி: சமையலறையில் உள்ள முழு தனியாவே விதை. வறுத்ததாகவோ ரொம்பப் பழசாகவோ இருக்கக் கூடாது. ஒரு தனியா உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து விதைத்தால் 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். இதன் ஆணிவேர் இடமாற்றத்தைத் தாங்காது. எந்தத் தொட்டியில் வளரப் போகிறதோ அதிலேயே விதைக்க வேண்டும்.

4. வெந்தயக் கீரை: அவசரக்காரர்களுக்கு ஏற்றது. இரவு ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி மெல்லிசாக மண் போட்டால் மூன்று நான்கு நாளில் முளைவிடும். 20 முதல் 30 நாட்களில் கீரையாக அறுக்கலாம்.

5. கறிவேப்பிலை: இது கீரை மாதிரி அல்ல, மரம். பொறுமை வேண்டும். பெரிய, ஆழமான தொட்டியில் நர்சரிக் கன்றாக வாங்கி வைப்பது எளிது. முதல் வருடம் அதிகம் பறிக்கக் கூடாது. பறிக்கும்போது இலை இலையாக உருவாமல் கொத்தோடு ஒடிக்க வேண்டும்.

கொத்தமல்லி மட்டும் ஏன் சீக்கிரம் பூத்துவிடுகிறது?

பலருடைய புகார் இதுதான். கொத்தமல்லி ஓராண்டுத் தாவரம். வெப்பம் கூடினால் அவசர அவசரமாகப் பூத்து விதைக்குப் போய்விடும். பூத்தண்டு கிளம்பிய பிறகு வெட்டினாலும் பழையபடி இலைக்குத் திரும்பாது. புதினாவின் வெட்டு விதி இங்கே எடுபடாது. நடுக்குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளை மட்டும் எடுக்க வேண்டும்.

கோடையில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைக்கலாம். 15 நாட்களுக்கு ஒருமுறை சிறிதளவு விதைத்து வந்தால், ஒரு தொட்டி முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும்.

மண், வெயில், தண்ணீர்.. எவ்வளவு?

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அதிலுள்ள உப்பு வெளியேற இது உதவும்.

தினமும் 4 முதல் 6 மணி நேர வெயில் நல்லது. தண்ணீருக்கு ஒரே சோதனை: விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். மாடித்தோட்டம் போட விரும்புவோருக்குத் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் விதை, வளர்ப்புப் பைகள் அடங்கிய தொகுப்புகளை வழங்கி வந்திருக்கிறது. இப்போது கிடைக்கிறதா என்று அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம்.

பூச்சி வந்தால் என்ன செய்வது?

அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளித்த இலையைச் சில நாட்கள் பறிக்க வேண்டாம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து தேவையில்லை, கையால் எடுத்துவிட்டாலே போதும்.

சரி, புதுசா என்ன சமைக்கலாம்?

நூறு ரெசிபிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு சூத்திரம் பிடிபட்டால் போதும். நம்ம ஊர் துவையலை எடுத்துக்கொள்ளுங்கள்: இலை, பருப்பு, புளிப்பு, காரம், கொஞ்சம் எண்ணெய்.

இத்தாலியின் ஜெனோவா நகரத்து 'பெஸ்டோ'வும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய். அந்தப் பெயருக்கே 'இடித்தது' என்றுதான் பொருள். அர்ஜென்டினாவின் 'சிமிச்சுரி'யில் பார்ஸ்லி, ஆரிகானோ, பூண்டு, வினிகர், எண்ணெய். ஊர் மாறினால் இலையும் புளிப்பும் மாறுகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு சுவாரசியம்: பெஸ்டோவுக்குப் போடும் பேசிலும் நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே தாவர இனம். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இதன் விதைதான். ஆனால் ரகம் வேறு, வாசனையும் வேறு. அதனால் திருநீற்றுப்பச்சிலையில் செய்து பார்ப்பவர்கள் பாதிக்குப் பாதி கொத்தமல்லி சேர்த்து, பைன் கொட்டைக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை போட்டுத் தொடங்கலாம்.

தொட்டியில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய இரண்டு ரெசிபிகள்:

கற்பூரவல்லி தம்புளி: கர்நாடகத்தின் மலைநாட்டிலும் கடலோரத்திலும் சாப்பாட்டின் தொடக்கத்தில் சோற்றோடு பிசைந்து சாப்பிடும் மோர் வகை இது. 10 கற்பூரவல்லி இலைகள், அரை ஸ்பூன் சீரகம், 5 மிளகு ஆகியவற்றை ஒரு ஸ்பூன் நெய்யில் இலை சுருளும்வரை வதக்குங்கள். ஆறியதும் 3 ஸ்பூன் தேங்காய்த் துருவலோடு அரைத்து, ஒரு கப் கெட்டி மோரில் உப்புடன் கலக்குங்கள். கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கலந்த பிறகு அடுப்பில் வைக்கக் கூடாது, திரிந்துவிடும்.

ஏமன் நாட்டு சஹாவிக்: ஒரு கைப்பிடி கொத்தமல்லி, 4 பச்சை மிளகாய், 4 பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், 2 ஏலக்காயின் விதை, உப்பு. இவற்றைக் கொரகொரப்பாக இடித்து, 3 ஸ்பூன் எண்ணெயும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். அங்கே ரொட்டிக்கும் இறைச்சிக்கும் தொட்டுக்கொள்வார்கள். தோசைக்கும் அருமையாகப் பொருந்தும். காரச் சட்னியில் ஏலக்காயா என்று யோசிப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

கொத்தமல்லியை வேரோடு பிடுங்கினால் வேரைத் தூக்கிப் போட வேண்டாம். தாய்லாந்து கிரீன் கறிக்கு அரைக்கும் விழுதில் கொத்தமல்லி வேர் முக்கியப் பொருள். நன்றாகக் கழுவி ரசத்தில் தட்டிப் போட்டாலும் மணக்கும்.

எந்த இலையை எப்போது சேர்க்க வேண்டும்?

இலைகளின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொத்தமல்லி மாதிரி மென்மையான இலையை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் அந்த மணம் போய்விடும். அடுப்பை அணைக்கும்போது தூவ வேண்டும். கறிவேப்பிலை, ரோஸ்மேரி போன்ற கெட்டியான இலைகள் ஆரம்பத்திலேயே சூடான எண்ணெயில் போனால்தான் மணம் எண்ணெயில் இறங்கும். கெட்டி இலை முதலில், மென்மையான இலை கடைசியில். இந்த விதி எந்த நாட்டுச் சமையலுக்கும் உதவும்.

"கற்பூரவல்லியில் இருந்துதான் ஓமம் வருகிறதா?"

இல்லை. ஓமம் வேறு செடி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூரவல்லி துளசியின் குடும்பம். இரண்டிலும் தைமால், கார்வக்ரால் போன்ற மணப்பொருட்கள் இருப்பதால்தான் ஒரே வாசனை வருகிறது. கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று பெயர் வந்ததும் இந்த வாசனையால்தான்.

கவனம்.. இவற்றை மறக்காதீங்க!

* தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வேர்விட வைத்த புதினா டம்ளருக்கும் இதே விதிதான், தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

* விதைக் கடையில் இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறம் பூசி வரும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும். மீந்ததைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

* பெயர் உறுதியாகத் தெரியாத இலையை 'மூலிகை' என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகச் சாப்பிட வேண்டாம். கறிவேப்பிலைப் பழத்தின் கொட்டையையும் குழந்தைகள் மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதை வெளியில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத எண்ணெயில் ஆபத்தான கிருமி வளர வாய்ப்புண்டு. பிரிட்ஜில் வைத்து 3, 4 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். மீதியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைக்கலாம்.

* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், பச்சை இலைகளின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைப் பாதிக்கும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

* சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். ஆனால் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலோ காய்ச்சலோ இருந்தால் கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஐந்து தொட்டியும் ஒரே நாளில் வேண்டாம். இந்த வாரம் வாங்கும் புதினாக் கட்டில் நாலு தண்டை மட்டும் தண்ணீரில் போடுங்கள். அது வேர்விடுவதற்குள் புதினா வைத்துச் செய்யும் இரண்டு புது உணவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். செடி தொட்டிக்கு மாறித் தழைத்ததும் நுனியை வெட்டிச் சமையுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு துளிர் வந்த பிறகு, அடுத்த தொட்டியைப் பற்றி யோசிக்கலாம்.