விளம்பரம் செய்யாத காபிக்கடை

கடன் கேட்டு வரும் சிறு கடைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "வாடிக்கை எப்படி?" என்றுதான். இன்று கல்லாவில் விழுந்த காசைவிட, நாளைக்கும் வருகிற ஆள்தான் முக்கியம். இது பி.காமில் படித்த பாடம். அதற்கு உதாரணம் கிடைத்தது இங்கே கொல்கத்தாவில், காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில்.

கட்டடத்தின் பழைய பெயர் ஆல்பர்ட் ஹால். 1876-ல் தொடங்கியது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காபி விலை சரிந்து தோட்டக்காரர்கள் தவித்தார்கள். உள்நாட்டிலேயே காபி குடிக்க ஆள் பிடிக்கத்தான் இந்த காபி ஹவுஸ்கள் வந்தன. 1942-ல் காபி வாரியம் இங்கேயும் கடை திறந்தது. அதுவும் டீ குடிக்கிற ஊரில்!

எதிரே அன்றைய பிரசிடென்சி கல்லூரி (இன்று பல்கலைக்கழகம்), பக்கத்தில் பல்கலைக்கழகம், சுற்றிலும் புத்தகக் கடைகள். ஒரு கோப்பை வாங்கிவிட்டு மணிக்கணக்கில் 'அட்டா' அடிக்கலாம், அதாவது அரட்டை. யாரும் எழுப்ப மாட்டார்கள். கணக்குப் பார்த்தால் இது நஷ்டம்தான்.

ஆனால் 1958-ல் கடையை மூடியபோது என்ன நடந்தது தெரியுமா? பேராசிரியர்கள் அரசுக்கு மனு எழுதினார்கள். அதே வருடம் கடை திறந்தது. இன்று தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. எத்தனை லட்சம் கொட்டி விளம்பரம் செய்தாலும் இப்படி ஒரு மனு கிடைக்குமா?

நம்ம ஃபில்டர் காபி ருசியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பிரபலம் 'இன்ஃப்யூஷன்' என்னும் பால் விடாத காபி. லேக் மார்க்கெட் பக்கம் டிபன் கடை போட யோசிக்கும் நண்பர்களே, ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். பெயர்ப்பலகைக்குச் செலவழிப்பதற்கு முன்னால் நாலு நாற்காலி கூடுதலாக வாங்கிப் போடத் தோன்றும்.