கண்ணோடு கண்: ஓர் ஆங்கிலத் தொடரின் பூர்வீகம்

இருவர் ஒரு பொருள்பற்றி ஒத்த கருத்துடையவர் என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'சீ ஐ டு ஐ' என்றொரு மரபுத்தொடர் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கண்ணோடு கண் காணுதல்'. நம் மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பெரும்பாலோர் நேரே காதலுக்குப் போய்விடுவர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்கள் எதிர்ப்படுவதை அகத்திணைக்கே எழுதிவைத்துவிட்ட மரபு நம்முடையது. ஆனால் இத்தொடர் பிறந்த இடத்தில் எவரும் எவர் கண்ணையும் பார்க்கவில்லை.

அதன் பிறப்பிடம் பழைய ஏற்பாட்டின் ஏசாயா நூல், 52ஆம் அதிகாரம், 8ஆம் வசனம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை இடித்து, அதன் மக்களைச் சிறைகொண்டு போயினர். அந்நகர் மீளும் என்ற நம்பிக்கையைப் பாடும் பகுதி இது. பாழ்பட்ட நகரின் காவலர் குரலெழுப்பி ஒருங்கே ஆர்ப்பரிக்கின்றனர். இறைவன் சீயோனுக்குத் திரும்புவதைத் தம் கண்ணாலேயே காண்கின்றனராம்.

எபிரேய மூலத்தில் உள்ளவை 'அயின் பெ-அயின்' என்னும் சொற்கள். 'அயின்' என்பது கண்; 'பெ' என்பது இல், ஆல், ஓடு, விலையாக என்றெல்லாம் பொருள்படும் முன்னொட்டு. இதே தொடர் எண்ணாகமம் 14:14இல் இறைவன் நேருக்கு நேர் காணப்படுவதைச் சொல்கிறது. உபாகமம் 19:21இலோ 'கண்ணுக்குக் கண்' என்னும் தண்டனை விதியாக நிற்கிறது! நேர்க்காட்சிக்கும் பழிக்குப் பழிக்கும் ஒரே தொடர். உடன்பாடு என்னும் பொருள் மூன்றிடத்திலும் இல்லை.

அது ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. 1560ஆம் ஆண்டின் ஜெனீவா பைபிள் ஏசாயாவின் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அவ்வாறே கொண்டது. அந்த வாக்கியத்தில் 'காண்பர்' என்னும் வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. எதைக் காண்பர் என்பது தொக்கு நிற்கிறது. அதற்குச் சற்று முன்னே 'ஒருங்கே' என்னும் சொல் வருகிறது. படித்தவர்கள் ஆர்ப்பரிப்பின் ஒருமையைக் காட்சியின்மேல் ஏற்றிவிட்டனர் என்றே நாம் கருதுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் அது விவிலிய வாசனையின்றிப் பொதுவழக்கில் உலவியது. காவலர் ஒருமித்தது ஒன்றைக் கண்டதனால். ஆங்கிலத் தொடரிலோ ஒருமிப்பு எஞ்சியது, கண்ட பொருள் உதிர்ந்துபோயிற்று. குழுக்கூட்டங்களில் இத்தொடர் எளிதாகப் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ! அங்கே எதைக் கண்டோம் என்று எவரும் கேட்பதில்லை.

பயன்படுத்துவோர் கருத வேண்டியவை சில. யாரோடு என்பதற்கு 'வித்', எதில் என்பதற்கு 'ஆன்' என்னும் சொல் சேரும். எதிர்மறையில்தான் மிகுதியும் வரும். உறவின் நெருக்கத்தை அன்று, கருத்தின் ஒற்றுமையையே அது சுட்டும். உயிர்நண்பர் இருவர் தேர்தல் பற்றிக் 'கண்ணோடு கண்' காணாமல் இருக்கலாம். ஆகவே 'அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை' என்று பெயர்த்தால் மனத்தாங்கல் போலத் தொனிக்கும். 'இதில் இருவர் கருத்தும் ஒன்றன்று' என்பது நெருங்கி வரும். அலுவலகங்களில் கேட்கும் 'ஆன் த சேம் பேஜ்' வேறு. செய்தியும் திட்டமும் எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிந்திருப்பதே அதன் பொருள்.

1978இல் முழுமையாக வெளிவந்த 'நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்' பழைய தொடரைக் கைவிட்டு, சொந்தக் கண்களால் காண்பது என்னும் பொருளுக்கு மீண்டது. தமிழில் அந்தத் திருத்தம் தேவைப்படவே இல்லை. ஹென்றி பவர் முதன்மையாக நின்று உழைத்து 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம், அந்த ஒரே எபிரேயத் தொடரை எண்ணாகமத்தில் 'முகமுகமாய்' என்றும், உபாகமத்தில் 'கண்ணுக்குக் கண்' என்றும், ஏசாயாவில் 'கண்ணாரக் காணுதல்' என்றும் மூவகையாக ஆள்கிறது. சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல், உ.வே.சா. பதிப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னரே, அச்சிட்டவரும் அந்தப் பவரே.