எட்டயபுரத்துப் பாரதியார் பிறந்த இல்லம்

விருதுநகர் மாவட்டத்து எம். புதுப்பட்டியினின்று சிவகாசி, சாத்தூர் வழியே தென்திசை செல்வோர் கரிசல் நிலத்தூடே எட்டயபுரத்தை அடைவர். ஆங்குப் பாரதியார் பிறந்த இல்லம் அரசின் காப்பில் நினைவில்லமாக விளங்குகின்றது. அதனைக் கண்டு மீண்ட நாம் ஈண்டு ஒன்றை ஆராயப் புகுகின்றோம்: வரலாற்றுக்கு இவ்வில்லம் எதன் சான்று?

11-12-1882இல் கவிஞர் பிறந்த இவ்வில்லம் அவர்தம் தாய்வழிப் பாட்டனாருடையது. அன்னை இலக்குமி அம்மாள், மகனுக்கு ஐந்து வயதாகும்போதே மறைந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கரிசற் பருத்தியை நம்பி ஆலை நிறுவிப் பொருளிழந்தார், 1898இல் காலமானார். ஆகவே, 'பாரதி' என்னும் பட்டமும் வறுமையும் கவிஞரை இவ்வூரிலேயே இளமையில் வந்தடைந்தன எனலாம்.

பின்னர், 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அவர் குடியிருந்ததும், 1921இல் திருவல்லிக்கேணியில் உயிர்நீத்ததும் வாடகை வீடுகளிலேயே ஆம். அவ்வீரூர்களிலும் இன்று நினைவில்லங்கள் உள்ளன.

கல்கியின் முயற்சியால் 1947இல் திறக்கப்பெற்ற எட்டயபுரத்து மணிமண்டபம் கவிஞர்தம் புகழுக்குச் சான்று. பிறந்த இல்லமோ, அப்புகழுக்கு முன் நின்ற இழப்புகளுக்குச் சான்று. ஆதலின், எட்டயபுரம் செல்வோர் மண்டபத்தோடு அமையாது, அன்னை பிறந்தகமாகிய இவ்வில்லத்தையும் காண்டல் வேண்டும் என்பது நம் துணிபு.